வெறும் தண்ணீரை எண்ணிய மூன்று வாரம்

திரையில் சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது. பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே போனது. அறை விளக்கை அணைத்திருந்தோம், ஜன்னலில் கறுப்புத் துணி. பம்பு ஓடும் மெல்லிய சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. அப்புறம் திரையின் இடது மூலைக்குச் சற்றுக் கீழே ஒரு வெளிர்ப் புள்ளி தோன்றியது. தோன்றிய இடத்திலேயே நின்றது. அதன் பின்னால் வால் போல மெல்லிய வளைகோடுகள் விரிந்திருந்தன. சில விநாடிகளில் வேறொரு இடத்தில் இன்னொன்று, அதே வாலுடன், அதே திசையில்.

"ஒண்ணு, ரெண்டு" என்று என்னையறியாமல் தமிழில் எண்ணிவிட்டேன். பக்கத்தில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் என்ன செய்கிறேன் என்று புரிந்து சிரித்தார்.

ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போன முதல் குளிர்காலம் அது. அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் அடுத்த பல மாதங்களுக்கு என் வேலையாக இருந்தது. அம்மா போனில் "அங்க என்னடா பண்ற?" என்று கேட்டபோது, "தண்ணிக்குள்ள இருக்கிற தூசிய எண்ணுறேன்மா" என்றேன். "எத்தனை இருக்கு?" என்று உடனே கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போது எனக்கே தெரியாது. இந்தக் கட்டுரை அந்தக் கடினத்தைப் பற்றியதுதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். அன்று வந்து ஒட்டியவை 100 நானோமீட்டர் விட்டமுள்ள, பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன உருண்டைகள். ஒரு தலைமுடியின் தடிமன் இதைப் போல 700, 800 மடங்கு. இன்ஃப்ளூயன்சா வைரஸும் கொரோனா வைரஸும் ஏறக்குறைய இந்த அளவுதான். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் இவற்றின் வடிவத்தைப் பார்க்க முடியாது. ஒளியின் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போனால் விவரம் கலங்கிவிடும். நாங்கள் பயன்படுத்திய சிவப்பு ஒளிக்கு அந்த எல்லை சுமார் 300 நானோமீட்டர்.

வடிவம் தெரியாமல் எப்படி எண்ணுவது? இருட்டில் வயல் வரப்பில் ஒருவர் டார்ச் லைட்டோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குட்டையா நெட்டையா, வேட்டி கட்டியிருக்கிறாரா என்பதெல்லாம் தெரியாது. ஆள் வருகிறார் என்பது தெரியும். இரண்டு பேர் தள்ளித் தள்ளி வந்தால் இரண்டு பேர் என்றும் சொல்லலாம். ஒட்டி நடந்தால்தான் சிக்கல். எங்கள் எண்ணிக்கை முழுக்க இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. துகள்கள் ஒன்றுக்கொன்று போதிய தூரத்தில் உட்கார வேண்டும், ஒவ்வொன்றும் தன் டார்ச்சை ஏந்தியிருக்க வேண்டும். அந்த டார்ச்சைக் கொடுப்பது தங்கம்.

கண்ணாடித் தகட்டின் மேல் 50 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அது பொன்னிறமாக இருக்காது, பச்சையாகத் தெரியும். நான் முதல்முறை கையில் வாங்கியபோது தகடு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். இவ்வளவு மெல்லிய தங்கத்தின் வழியாகப் பச்சையும் நீலமும் ஓரளவு ஊடுருவும், சிவப்பு திரும்பிவிடும்.

தங்கத்தின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கண்ணாடி முப்பட்டகம். கண்ணாடிப் பக்கமிருந்து சாய்வாக ஒளியை விட்டால் அது தண்ணீருக்குள் போகாமல் முழுவதுமாகத் திரும்பிவிடும். பத்தாம் வகுப்பில் படித்த முழு அக எதிரொளிப்புதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரும்பும் ஒளி திடீரென்று காணாமல் போகும். அந்தக் கோணத்தில் ஒளி தங்கத்திலுள்ள எலெக்ட்ரான்களைச் சேர்ந்து அசைய வைத்து, தங்கத்துக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள பரப்பின் மேலேயே அலையாக ஓடத் தொடங்குகிறது. இதற்குப் பெயர் மேற்பரப்பு பிளாஸ்மான். தண்ணீருக்குள் இது 100, 200 நானோமீட்டர் உயரம் வரைதான் நீளும், அதற்கு மேல் தேய்ந்துவிடும். பரப்பில் சில மைக்ரோமீட்டர் தூரம் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது 1,000 நானோமீட்டர்) ஓடி, சூடாகி அடங்கிவிடும்.

ஆழமில்லாத வாய்க்காலில் தண்ணீர் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். குச்சி விரல் தடிமன்தான் இருக்கும். அதன் பின்னால் விரிகிற அலைக்கோடு கை நீளத்துக்குத் தெரியும். பிளாஸ்மான் ஓடும் பரப்பில் ஒரு துகள் வந்து ஒட்டினாலும் இதுதான் நடக்கிறது. 100 நானோமீட்டர் துகள், பல மைக்ரோமீட்டர் நீளமுள்ள வாலை வரைகிறது. நான் திரையில் பார்த்தது துகளை அல்ல, அது கிளப்பிய அலையை. வால்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்ததற்கும் காரணம் இதுவே.

இந்த இருண்ட கோணத்தின் கதை நீளமானது. அமெரிக்காவில் ராபர்ட் வுட் 1902-இல் நெருக்கமான கோடுகள் கீறிய உலோகத் தகட்டிலிருந்து (கீற்றணி) வரும் நிறமாலையில் விளக்க முடியாத கரும்பட்டைகளைப் பார்த்தார். முப்பட்டகத்தை வைத்து இந்த அலையைக் கிளப்பும் வழிகளை 1968-இல் ஜெர்மனியில் ஓட்டோவும், தனியாகக் கிரெட்ச்மன், ரேத்தர் இருவரும் காட்டினார்கள். 1983-இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் இதை உணர்வியாக மாற்றினார்கள். புரதம் தங்கத்தில் ஒட்டினால் அந்த இருண்ட கோணம் சற்று நகரும், நகர்வை அளந்தால் எவ்வளவு ஒட்டியது என்று தெரியும். 1990-இலிருந்து இது கடையில் வாங்கக்கூடிய கருவி. மருந்து ஆராய்ச்சி செய்யும் பல இடங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கருவி தருவது சராசரி. பரப்பு முழுவதும் ஒட்டிய பொருளையெல்லாம் சேர்த்து ஒரே ஒரு எண். நம் ஊரில் சொல்வோமே, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று, கிட்டத்தட்ட அந்த நம்பிக்கைதான் இதிலும் இருக்கிறது. பானையில் அந்தப் பழமொழி சரி. ஒரே அரிசி, ஒரே கொதி, அதனால் ஒன்றைப் பதம் பார்த்தால் மற்றதும் அப்படியே. நானோதுகள் கிடக்கும் தண்ணீரில் ஒன்றைப் போல இன்னொன்று இருப்பதில்லை. 20 நானோமீட்டரும் கிடக்கும், 200-ம் கிடக்கும், நாலைந்து சேர்ந்த கட்டியும் கிடக்கும். பெரியது ஒன்று சிறியது பல்லாயிரத்தை மறைத்துவிடும்.

கணக்குப் போட்டால் அச்சமாகவே இருக்கும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துகளின் எடையும் 100 நானோமீட்டர் துகள்கள் 1,000-இன் எடையும் ஒன்று. 10 நானோமீட்டர் என்றால் 10 லட்சம் துகள்கள். எடையை மட்டும் அளப்பவர், அந்த ஒற்றைப் பெரிய துகளைக் கவனிக்காமல் விட்டால் 10 லட்சம் சிறிய துகள்களை இரட்டிப்பாகச் சொல்லிவிடுவார். இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் நானோபொருள் என்றால் என்ன என்று பரிந்துரைத்தபோது எடையை எடுத்துக்கொள்ளவில்லை. துகள்களின் எண்ணிக்கையில் பாதியோ அதற்கு மேலோ 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அது நானோபொருள். 2022-இல் வரையறையைத் திருத்தியபோதும் எண்ணிக்கையை விடவில்லை. அங்கே விற்கும் அழகுசாதனப் பொருளில் நானோ வடிவச் சேர்மானம் இருந்தால் 2013 ஜூலையிலிருந்து பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நானோ என்று போட்டாக வேண்டும். உணவுக்கு வெண்மை தரச் சேர்த்துவந்த டைட்டானியம் டை ஆக்சைடை 2022-இல் அங்கே தடை செய்தார்கள். ஆக, சட்டம் எண்ணச் சொல்லிவிட்டது. எண்ணுவதற்குக் கருவி வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது தாத்தா மரக்காலால் அளப்பார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. நெல்மணியை யாரும் எண்ணியதில்லை, எண்ண வேண்டிய தேவையும் இல்லை. அளவை என்பதே எண்ண முடியாததற்கு மனிதன் கண்டுபிடித்த வழி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு, மரக்காலை வைத்துவிட்டு மணியை எண்ண உட்கார்ந்ததுபோல் இருந்தது.

துகளை எண்ணுவது புதிய ஆசையும் இல்லை. ஜெர்மனியின் யேனாவில் சீடன்டோஃப், சிக்மண்டி என்ற இருவரும் 1903-இல் ஒரு நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தினார்கள். கரைசலுக்குப் பக்கவாட்டிலிருந்து பலத்த ஒளியைச் செலுத்தி, இருண்ட பின்னணியில் தங்கத் துகள்கள் மின்னுவதைப் பார்க்கலாம். குறிப்பிட்ட கனஅளவுக்குள் எத்தனை மின்னுகிறது என்று சிக்மண்டி எண்ணினார். கரைசலில் போட்ட தங்கத்தின் எடை தெரியும். எடையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு துகளின் எடை, அதிலிருந்து அதன் அளவு. எத்தனை எளிமை! மின்விளக்கே புதிதாக இருந்த காலத்தில், கண்ணை வைத்து எண்ணியே கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் அளவைச் சொல்லிவிட்டார். 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் சிதறும் ஒளியை நம்பினால் ஒரு தடை உண்டு. துகளின் விட்டம் பாதியானால் சிதறல் 64-இல் ஒரு பங்காகிவிடும், விட்டத்தின் ஆறாம் அடுக்கு. பத்தில் ஒன்றானால் 10 லட்சத்தில் ஒரு பங்கு. பரப்பு உணர்விகள் இதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. துகள் சிதறடிக்கும் சிறு அலையை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அலையோடு கலந்து பார்க்கிறார்கள். அப்போது கிடைக்கும் மாற்றம் மூன்றாம் அடுக்கில்தான் குறையும். விட்டம் பாதியானால் எட்டில் ஒன்று. 64-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்தத் துறையே நிற்கிறது என்பேன்.

2010-ஐ ஒட்டி இது பல இடங்களில் ஒரே சமயத்தில் கனிந்தது. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் சிபின் குழு தங்கப் பரப்பில் தனித்தனித் துகள் ஒட்டுவதை நேரலையாகப் படம்பிடித்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் டாவ் குழு இன்ஃப்ளூயன்சா வைரஸை ஒவ்வொன்றாகப் பிளாஸ்மான் படத்தில் பார்த்து எடையும் போட்டது. பாஸ்டனில் உன்லு குழு தங்கமே இல்லாமல், சிலிக்கான் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வைத்து, ஒளியலைகளின் குறுக்கீட்டால் அதே வேலையைச் செய்தது.

இவற்றுக்குச் சற்று முன், 2008-இல் வோல்மர், ஆர்னால்ட் குழுவினர் கண்ணாடி உருண்டைக்குள் ஒளியைச் சுற்றவிட்டு ஒற்றை வைரஸ் ஒட்டுவதைப் படிக்கட்டு போன்ற தாவலாகக் காட்டினார்கள். இதன் பெயர் கிசுகிசு மாடம் என்ற பொருள் தருவது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் வட்டக் கூடத்தில் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்குமே, அதே போல ஒளி உருண்டையின் உட்சுவரை ஒட்டிச் சுற்றும். பீஜப்பூர் கோல் கும்பாஸிலும் அந்த விந்தை உண்டு. நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் லண்டன் போனபோது இந்த ஒலியில் மனம் போய், சதர்லாந்து என்பவரோடு சேர்ந்து செயின்ட் பால் கூடத்தில் சோதனை செய்து எழுதியிருக்கிறார். ஒலிக்காக அவர் யோசித்த அதே வளைவில் இன்று ஒளி வைரஸைத் தேடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, எண்ணிக்கைக்கு வருகிறேன்.

புள்ளி தெரிகிறது, எண்ணலாம். ஆனால் நான் எண்ணுவது பரப்புக்கு வந்து சேர்ந்த துகள்களை. அம்மா கேட்டது தண்ணீரில் எத்தனை என்று. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

100 நானோமீட்டர் துகள் தன் எடையால் கீழே இறங்கி வந்து ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. பாலிஸ்டைரீன் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். ஒரு மில்லிமீட்டர் இறங்கவே ஒரு மாதத்துக்கு மேலாகும். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளத் தள்ள, அது தள்ளாடித் தள்ளாடித்தான் நகர்கிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோமீட்டர் தூரம் தள்ளாட இந்தத் துகளுக்குப் பத்து விநாடி போதும். ஒரு மில்லிமீட்டருக்கு 28 மணி நேரம். தூரம் நூறு மடங்கானால் நேரம் பத்தாயிரம் மடங்காகிறது.

ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சம் துகள்கள் இருக்கின்றன, தண்ணீர் ஓடாமல் நிற்கிறது, பரப்பைத் தொட்டது எதுவும் திரும்பிப் போகாது என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் பார்த்த பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர். பத்து நிமிடத்தில் அங்கே வந்து சேர்வது சுமார் 60 துகள்கள். தண்ணீரைப் படலம் படலமாகக் கற்பனை செய்தால், பரப்புக்கு மேல் 60 மைக்ரோமீட்டர் உயரத்தில் இருந்த துகள்களை மட்டும் எண்ணியதற்குச் சமம். தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம்! அதற்கு மேலுள்ள தண்ணீர் முழுவதற்கும் நான் பேசவே இல்லை. இந்தக் கணக்கைத் தாளில் முடித்த அன்று, திரையில் புள்ளிகள் ஏன் அத்தனை நிதானமாக வருகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்தது.

இன்னொரு பக்கம் பார்த்தால் அதே கணக்கு உற்சாகம் தரும். அந்த 10 லட்சம் துகள்களின் மொத்த எடை அரை நானோகிராம்தான், ஒரு கிராமில் இருநூறு கோடியில் ஒரு பங்கு. அதைக்கூட இந்தப் பரப்பில் அறுபது தெளிவான நிகழ்ச்சிகளாகப் பார்க்க முடிகிறது. அறுபதை எண்ணினால் அதில் எட்டு கூடக்குறைய இருக்கும், எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் பத்தாயிரம் எண்ண வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

தொட்டதெல்லாம் ஒட்டும் என்று வைத்துக்கொண்டதும் உண்மையில் அப்படி நடப்பதில்லை. பெரும்பாலான துகள்கள் தண்ணீரில் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். பரப்பும் எதிர்மின்னூட்டத்தோடு இருந்தால் துகள் வரும், நெருங்கும், திரும்பிவிடும். அதனால் தங்கத்தின் மேல் நேர்மின்னூட்டம் தரும் ஒரு படலத்தைப் பூசுவோம். உப்பின் அளவும் முக்கியம். உப்பு மிகக் குறைவாக இருந்தால் மின்விசை வெகுதூரம் எட்டும். சோடியம் குளோரைடு லிட்டருக்கு 0.1 மோல் இருந்தால் அந்த எட்டும் தூரம் ஒரு நானோமீட்டராகச் சுருங்கிவிடும். உப்பைக் கூட்டக் கூட்ட துகள்கள் ஒன்றோடொன்றும் ஒட்டத் தொடங்கும். இரண்டு ஒட்டி வந்தால் ஒரே புள்ளிதான் தெரியும், பிரகாசம் இரட்டிப்பாக. பிரகாசத்தை வரைபடமாகப் போட்டால் முதல் குன்றுக்குப் பக்கத்தில் இரட்டை மடங்கில் ஒரு குட்டிக் குன்று எழும். அது ஜோடிகளின் குன்று. அதை முதலில் பார்த்தபோது கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தக் குட்டிக் குன்றையே கரைசலின் உடல்நிலை காட்டும் நாடியாகப் பார்க்கப் பழகினேன்.

அந்த மூன்று வாரக் கதையை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

வந்த புதிதில் எனக்கு ஓர் ஆர்வம், வெவ்வேறு அடர்த்தியில் கரைசல் தயாரித்து எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்று ஒரு நேர்கோட்டை வரைந்துவிட வேண்டும் என்று. வரைந்தும் விட்டேன். அடர்த்தி அதிகமான பக்கம் புள்ளிகள் கோட்டில் அழகாக உட்கார்ந்தன. அடர்த்தி குறையக் குறைய கோடு படுத்துவிட்டது. எவ்வளவு நீர்த்தாலும் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே வரவில்லை. கருவியின் எல்லை அதுதான் என்று ஒரு பத்தி எழுதி, என்னை மேற்பார்த்தவரிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வெறும் தண்ணீரை எண்ணினீர்களா?"

எண்ணவில்லை. வெறும் தண்ணீரில் என்ன இருக்கும்?

மறுநாள் காலை, மிகத் தூய்மையாக்கிய தண்ணீரை மட்டும் ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் 40-க்கு மேல் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கான வால். தண்ணீரை வடிகட்டி மாற்றிப் பார்த்தேன், அதே கதை. தங்கத் தகட்டை மாற்றினேன். கண்ணாடிக் குப்பியை மாற்றினேன். தண்ணீரில் கரைந்த காற்று குமிழியாகி வருகிறதோ என்று காற்றை நீக்கிவிட்டு ஓட்டினேன். அறையின் வெப்பநிலையைக்கூடச் சந்தேகித்தேன், ஏனென்றால் ஒரு டிகிரி மாறினால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் நான்காவது தசம இடத்தில் மாறும், இந்தக் கருவிக்கு அது பெரிய மாற்றம். ஆனால் வெப்பநிலை மாறினால் படம் முழுவதும் சேர்ந்து வெளுக்கும், வாலோடு புள்ளி வராது.

இப்படியே இரண்டு வாரம் போனது. காலையில் வந்து வெறும் தண்ணீரை எண்ணுவேன், மாலையில் வெறும் தண்ணீரை எண்ணிவிட்டுப் போவேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். நான் எண்ணிய பல நூறு புள்ளிகளில் எது நான் போட்டது, எது தானாக வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்ற எண்ணம் மிகவும் உறுத்தியது. பொய் எழுதவில்லை, ஆனால் எழுதியது உண்மையும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீரைத் தொடர்ந்து ஓட்டினால் எண்ணிக்கை மெல்லக் குறைந்துவந்தது. உப்புக் கரைசலுக்கு மாற்றியதும் குபீரென்று ஏறியது. மறுபடி மெல்லக் குறைந்தது. தண்ணீரிலேயே துகள் இருந்தால் இப்படி ஏறி இறங்காது. எங்கேயோ ஒட்டிக்கொண்டிருப்பது உப்பு மாறும்போது விடுபட்டு வருகிறது. நான் முதல் வாரத்தில் அடர்த்தியான கரைசலை ஓட்டிய அதே சிலிக்கோன் குழாயைத்தான் அதுவரை பயன்படுத்திக்கொண்டிருந்தேன். குழாயின் உட்சுவர் முழுக்க என் பழைய துகள்கள். தங்கம் ஒட்டவைக்கும்போது குழாய் மட்டும் ஒட்டவைக்காதா?

குழாயை மாற்றினேன். பத்து நிமிடத்தில் 2 புள்ளிகள்.

அதுவரை செய்த அளவீடுகள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் சிவப்பில் கோடு போட்டு அடித்தேன். அழிக்கவில்லை, அடித்தேன். அடர்த்தி குறைந்த பக்கம் கோடு ஏன் படுத்தது என்பது இப்போது தெளிவு. அது கருவியின் எல்லை இல்லை, என் குழாயின் ஞாபகம். பகுப்பாய்வு வேதியியலில் ஒரு வழக்கம் உண்டு. வெற்று மாதிரியைப் பலமுறை அளந்து, அதன் சராசரியோடு அதன் திட்டவிலக்கத்தை மூன்று மடங்காக்கிக் கூட்டினால் வருவதற்கு மேல் எதையாவது கண்டால்தான் கண்டேன் என்று சொல்லலாம். இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் அந்தக் குளிர்காலத்தில்தான் உடம்பில் இறங்கியது.

அதன் பிறகு எண்ணும் நிரலை எழுதும்போதும் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. கேமராவின் ஒவ்வொரு படத்திலிருந்தும் சற்று முந்தைய படங்களின் சராசரியைக் கழிப்போம். தங்கத்தின் கீறல், தூசி, பழைய புள்ளிகள் எல்லாம் அப்படிக் கழிந்து, புதிதாக ஒட்டியது மட்டும் மிஞ்சும். நூறு படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். மிஞ்சிய படத்தில், வாலோடு கூடிய அந்த மாதிரி வடிவத்தைக் கணினி இடம் இடமாக ஒட்டிப் பார்த்துத் தேடும். இதில் எவ்வளவு ஒத்துப்போனால் துகள் என்று ஏற்பது? வரம்பைத் தளர்த்தினால் இரைச்சலும் துகளாகும், இறுக்கினால் சின்னத் துகள்கள் விடுபடும். ஒன்று வந்து இரண்டு விநாடி உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டது, அதை எண்ணுவதா? டோர்ட்மண்டில் கணினித் துறையினரும் சேர்ந்து இந்தப் பகுப்பாய்வுக்காகவே பல ஆண்டு உழைத்திருக்கிறார்கள், படங்களை உடனுக்குடன் அலச விளையாட்டுகளுக்கான கிராபிக்ஸ் செயலிகளைக்கூடப் பயன்படுத்தினார்கள். நான் எடுத்த முடிவு எளிமையானது. வெறும் தண்ணீரில் வரும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரம்பை வைப்பேன், கரைசலைப் பார்த்து வைக்க மாட்டேன். கரைசலைப் பார்த்து வைத்தால் நாம் எதிர்பார்க்கும் விடை தானாக வந்துவிடும்.

எண்ணிவிட்டாலும், ஒட்டியிருப்பது என்ன பொருள் என்று புள்ளி சொல்லாது. பிளாஸ்டிக்கா, வெள்ளியா, மணலா? 2016-இல் ஜெர்மனியின் கோட்பஸ்–சென்ஃப்டன்பெர்க் பல்கலைக்கழகத்தின் மிர்ஸ்கி குழு இதற்கு ஒரு வழி காட்டியது. நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான். துகள் உட்கார்ந்திருப்பது தங்கத்தின் மேல், தங்கம் மின்சாரம் கடத்தும். அப்படியானால் அந்தத் தங்கப் படலத்தையே மின்முனையாக்கி மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் என்ன? வெள்ளித் துகள் தனக்குரிய மின்னழுத்தத்தில் கரையும். திரையில் அந்தப் புள்ளி மங்கி மறையும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் துகள் அசையாமல் இருக்கும். எந்த மின்னழுத்தத்தில் மறைந்தது என்பதே அதன் பெயரைச் சொல்லிவிடும். எண்ணுவதும் விசாரிப்பதும் ஒரே தகட்டில்.

இன்று நான் வேறு வேலையில் இருக்கிறேன், தினமும் எண்ணுவதில்லை. ஆனால் குடிநீரில் ஒரு லிட்டருக்கு இத்தனை லட்சம் நானோபிளாஸ்டிக் என்று செய்தி வரும்போதெல்லாம் அந்த எண்ணுக்கு முன்னால் நின்றுவிடுகிறேன். வெற்று மாதிரியில் எத்தனை வந்தது? எந்தக் குழாய், எந்தக் குப்பி? எத்தனை மைக்ரோமீட்டர் படலத்தை எண்ணி மொத்தத் தண்ணீருக்கும் பெருக்கினார்கள்? ஆபத்து இல்லை என்று சொல்வதற்காகக் கேட்கவில்லை. பிளாஸ்டிக்கைப் பற்றி எனக்குப் பயம் உண்டு. எண்ணியவர்கள் அந்த மூன்று வாரத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள் என்று நம்ப விரும்புகிறேன், அதை அவர்கள் எழுதியும் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

குழாய் மாற்றிய அன்று வந்த அந்த 2 புள்ளிகளின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தனிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். புதுக் குழாய், புதுத் தகடு, வடிகட்டிய தண்ணீர், காற்று நீக்கியது. ஒன்று திரையின் நடுவில், மற்றது மேல் விளிம்பில். நடுவிலிருப்பதன் வால் மற்றதைவிடச் சற்றுப் பிரகாசம், அதன் விட்டம் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம், இல்லை அது வேறு பொருளாக இருந்திருக்கலாம்.